பேச்சு நின்னுபோன வீடு: பிரியிறதுன்னு ஆனா எப்படிச் சொல்றது, எந்த வரிசையில செய்யிறது?

புதூர்வாசி:
பொதுவாத்தான் கேக்குறேன். கல்யாணமாகி மூணு நாலு வருசம் ஆன ஜோடி. அடிதடி இல்லை, குடி இல்லை. பேச்சு மட்டும் இல்லை. "சாப்ட்டாச்சா", "ம்". ஒரு நாளைக்கு அம்புட்டுதான். ரெண்டு பேருல ஒருத்தருக்கு இனி முடியாதுன்னு தோணிருச்சு. நம்ம மதுரைப் பக்கம் என்ன நடக்குது? அம்மாகிட்டச் சொல்றது, அம்மா சித்தப்பாகிட்டச் சொல்றது, சித்தப்பா நேரா சம்பந்தி வீட்டு வாசல்ல போய் நிக்கிறது, கடைசில ஸ்டேஷன். சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் நேருக்கு நேரா அந்த வார்த்தையைச் சொல்லிக்கிறதே கிடையாது. இந்த வரிசை தப்புன்னு எல்லாருக்கும் தெரியுது, சரியான வரிசையை யாரும் எழுதி வைக்கலை. விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. "விட்டுக்கொடுத்துப் போங்க", "ஒரு பிள்ளையைப் பெத்துக்கிட்டா சரியாயிரும்", இந்த ரெண்டும் வேணாம்.

நத்தம்ரோடு_ஆலோசகர்:
முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேச்சு ஏன் நின்றது? வேலைக் களைப்பில் பேச்சு குறைவது வேறு, பேசினால் சண்டை என்று பயந்து வாயை மூடிக்கொள்வது வேறு. இரண்டாவதுதான் ஆபத்து.

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்துப் பேசவிட்டு, நாடித்துடிப்பு வரை அளந்தவர் ஜான் காட்மன். உறவை அரிக்கிற பழக்கங்கள் என்று அவர் நான்கைச் சொல்கிறார்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், எதற்கெடுத்தாலும் தற்காப்பு, வாயடைத்துக்கொள்வது. நாலிலும் இளக்காரம்தான் மணமுறிவுக்கு மிக வலுவான அறிகுறி என்பது அவர் கண்டது. நம்மூர்ப் பேச்சில் பார்த்தால் எளிதாகப் புரியும். "கரண்ட் பில் கட்டலை, ஃபியூஸைப் பிடுங்கப் போறாங்க" என்பது புகார். அதைப் பேசித் தீர்க்கலாம். "நீ என்னைக்கு ஒரு வேலையை உருப்படியாச் செஞ்ச" என்றால் ஆளைக் குறை சொல்வது. "உங்க வீட்டு வளப்பு அப்படி" என்றால் இளக்காரம், அதற்குப் பதிலே கிடையாது. எதிராளி டிவி சத்தத்தைக் கூட்டுவார், அல்லது செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார்.

டீக்கடைக்குப் போவது தப்பில்லை. சண்டையில் நாடி நிமிடத்துக்கு 100-க்கு மேல் போய்விட்டால் காதில் விழுவது மூளைக்கு ஏறாது. இறங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். தப்பு எதில் என்றால், ஒன்றும் சொல்லாமல் போவதில். "இப்ப பேசுனா வாய் தவறிரும், எட்டரைக்கு வர்றேன், அப்பப் பேசுவோம்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். அந்த 20 நிமிடமும் மனசுக்குள் அடுத்த வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் நாடி இறங்காது.

ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் ஒதுங்குவது, ஒதுங்க ஒதுங்க அவர் இன்னும் துரத்துவது என்கிற சுழலை ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் என்கிற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இதில் "யார் ஆரம்பித்தது" என்று கண்டுபிடிக்கவே முடியாது. தேடுவதும் வீண்.

முடிவெடுக்கும் முன்னால் செய்து பார்க்க வேண்டியது இது. வாரத்தில் இரண்டு நாள், தலா 25 நிமிடம். போன் வேறு அறையில். ஒரு நாளைக்கு ஒரே விஷயம். ஒருவர் ஐந்து நிமிடம் பேசலாம், மற்றவர் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், "சரியா?" என்று கேட்க வேண்டும், பிறகுதான் தன் பதில். எங்கே கெடும் என்றால், முதல் நாளே "உங்க அம்மாவுக்கு மாசம் எவ்வளவு அனுப்புற" என்று பெரிய விஷயத்தில் கை வைப்பார்கள். சின்ன விஷயத்தில் தொடங்குங்கள். ராத்திரி பத்தரைக்கு மேல் வேண்டாம். கூட்டுக் குடும்பமாக இருந்தால் மொட்டை மாடியும் வேண்டாம், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். காலை ஆறரைக்குத் தெப்பக்குளப் படிக்கட்டு, இல்லையென்றால் காந்தி மியூசியத்து மரத்தடி. வண்டியில் போய்க்கொண்டே பேசாதீர்கள். ஹெல்மெட்டுக்குள் பாதிதான் கேட்கும், கேட்காத பாதிக்கும் சேர்த்துச் சண்டை வரும்.

ஆறேழு வாரம் இருவருமே மனசு வைத்துச் செய்தும் இளக்காரம் குறையவில்லை, ஒருவர் உட்காரவே மறுக்கிறார் என்றால், பிரிவைப் பற்றி யோசிப்பதில் அவசரம் என்று யாரும் சொல்ல முடியாது.

டீக்கடை_பெஞ்ச்:
பேச்சு நடக்குறதே இல்லைங்கிறாரு, நீங்க 25 நிமிசம் பேசச் சொல்றீங்க. சரி, முடிவே எடுத்தாச்சு. அந்த வார்த்தையை எப்படிச் சொல்றது? அதுக்கு வாங்க.

நத்தம்ரோடு_ஆலோசகர்:
வருகிறேன். வாட்ஸப்பில் சொல்லாதீர்கள், குரல் பதிவாக அனுப்பாதீர்கள். அது அரை மணி நேரத்தில் பத்துச் சொந்தக்காரர் காதுக்குப் போய்விடும். பகல் நேரம், இருவரும் சாப்பிட்ட பிறகு, பிள்ளை வீட்டில் இல்லாதபோது. வீட்டில் காதுகுத்து, பொங்கல், யாருக்காவது ஆபரேஷன் என்று இருந்தால் அதற்கு முந்தின வாரம் வேண்டாம்.

மூன்றே பகுதி: முடிவு, ஒரு காரணம், அடுத்து என்ன. இப்படி:

"நான் ரொம்ப நாள் யோசிச்சுச் சொல்றேன். இந்தக் கல்யாண வாழ்க்கையில நான் தொடரப்போறதில்லை. ரெண்டு வருசமா நாம பேசிக்கிறதே இல்லை, முயற்சி பண்ணியும் மாறலை. பணம், நகை, பாப்பா மூணையும் பத்தி அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்து பேசுவோம். அதுவரைக்கும் நான் முன் ரூம்ல படுத்துக்கிறேன்."

அவ்வளவுதான். எதிராளி "ஏன், என்ன தப்பு பண்ணேன்" என்று கேட்பார். அங்கேதான் ஆட்கள் பட்டியல் போட ஆரம்பிப்பார்கள், 2021 தீபாவளிக்கு எடுத்த சேலை வரைக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் மறுப்பு உண்டு, விடிய விடிய வாதம்தான் மிச்சம். சொன்ன காரணத்தையே திரும்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று: முடிவெடுத்துவிட்ட பிறகு "கொஞ்ச நாள் பிரிஞ்சிருந்து பாப்போம்" என்று மெத்தென்று சொல்வது. சொல்பவருக்கு அது மரியாதை, கேட்பவருக்கு அது நம்பிக்கை. அவர் ஆறு மாசம் காத்திருந்து, பிறகு வக்கீல் நோட்டீஸைப் பார்க்கும்போது "ஏமாத்திட்டாங்க" என்று கொதிப்பார். ஸ்டேஷனுக்குப் போகும் பல மனுக்களின் விதை இந்த அரைகுறை வாக்கியம்தான்.

இரு வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் சொல்ல வேண்டும். முடிந்தால் தம்பதி இருவருமே சேர்ந்து போய். ஒரு வீட்டுக்கு முந்தியும் ஒரு வீட்டுக்குப் பிந்தியும் தெரிந்தால், பிந்தித் தெரிந்த வீட்டுக்கு அதுவே அவமானமாகி, மூல விஷயம் மறந்துபோகும்.

தல்லாகுளம்_அக்கா:
தம்பி சொல்றதெல்லாம் அடிதடி இல்லாத வீட்டுக்கு. கேள்வியிலயும் அப்படித்தான் இருக்கு, ஆனா படிக்கிற எல்லாரு வீடும் அப்படி இருக்காது. கை நீட்டுறவர், போனைப் பிடுங்கிப் பாக்குறவர், "உன்னை விடமாட்டேன்"னு மிரட்டுறவர் இருக்குற வீட்டுல தனியா உக்காந்து இந்த மூணு வாக்கியத்தைச் சொல்லாதீங்கம்மா. விட்டுப் போறேன்னு சொல்ற நேரந்தான் ஆபத்து கூடுற நேரம். முதல்ல வெளிய வரணும், சொல்றது அப்புறம். அதுவும் இன்னொருத்தரை வச்சுக்கிட்டு, இல்லைன்னா வக்கீல் மூலமா.

வெளிய வரும்போது கையில இருக்க வேண்டியது: ஆதார், பள்ளி காலேஜ் சான்றிதழ், பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக், நகை ரசீது, கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டுற போட்டோ ஒண்ணு, மாத்திரை மருந்து. ஒரிஜினலை எடுக்க முடியலைன்னா போட்டோ எடுத்து, அவருக்குப் பாஸ்வேர்ட் தெரியாத மெயில்ல போட்டு வைங்க.

பெண்கள் உதவி எண் 181-க்கு எந்நேரமும் கூப்பிடலாம். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ன்படி மாவட்ட சமூகநலத் துறையில பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க, அவங்க மூலமா மாஜிஸ்திரேட்டுக்கு மனு போகும். வீடு யாரு பேருல இருந்தாலும் குடியிருக்க உரிமை உண்டு. வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேணாம்: 1987 சட்டசேவை ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பாக்காம இலவச வக்கீல். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல எழுதிக் குடுத்தாப் போதும், போன்ல கேக்கணும்னா 15100.

இன்னொண்ணு. சொன்னதும் "செத்துருவேன்"னு எதிராளி சொன்னா, நடிப்புன்னு தள்ளாதீங்க, அதுக்காக முடிவையும் மாத்தாதீங்க. ரெண்டும் தனித்தனி. அவங்க கூடப் பொறந்தவங்களையோ ஃப்ரெண்டையோ வரவச்சுட்டு, தனியா விடாம, 14416-க்குக் கூப்பிடுங்க. மனநலத்துக்கான அரசு எண், தமிழ்லயே பேசலாம்.

கருப்புக்கோட்டு_மதுரை:
சட்ட வரிசையை எழுதுகிறேன். இந்து திருமணச் சட்டம் 1955-ன் கீழ் வருகிறவர்களுக்கு இது. சுயமரியாதைத் திருமணமும் இதில் அடக்கம், 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7-ஏ பிரிவு.

இருவரும் சம்மதித்தால் 13-பி. நீதிமன்றப் பேச்சில் "மியூச்சுவல்". மூன்று விஷயம் இருக்க வேண்டும்: ஒரு வருடமாகப் பிரிந்து வாழ்வது, சேர்ந்து வாழ முடியாதது, பிரிய இருவரும் ஒத்துக்கொண்டது. பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்தாலும், கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது பிரிவுதான். 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கூட்டு மனு தாக்கலான பிறகு ஆறு மாதம் காத்திருப்பு. ஆறு மாதம் முடிந்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து "சம்மதம்தான்" என்று சொல்ல வேண்டும். அதுவரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அதுவும் அதே 1991 தீர்ப்பு. ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு இடம் உண்டு என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதற்கு நாலு நிபந்தனை: மனுவுக்கு முன்பே ஒன்றரை வருடப் பிரிவு முடிந்திருக்க வேண்டும், சமரச முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், பிள்ளை உள்ளிட்டவற்றைப் பேசி முடித்திருக்க வேண்டும், காத்திருப்பது வேதனையை நீட்டுவதாக மட்டும் இருக்க வேண்டும். முதல் மனு போட்டு ஒரு வாரத்திலேயே இதற்கான மனுவைப் போடலாம். வெளிநாட்டில் இருப்பவர் காணொலியில் ஆஜராகவும் அந்தத் தீர்ப்பு வழி விட்டிருக்கிறது.

2023 மே மாத அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பைக் காட்டி "உடனே கிடைக்குமாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அது அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம். மதுரைக் குடும்பநல நீதிமன்றத்தில் அதைக் கேட்க முடியாது.

எங்கே தாக்கல் செய்வது: கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்தரப்பு இருக்கிற ஊர், மனைவி இப்போது இருக்கிற ஊர், இதில் எதுவும். திருமணமாகி ஒரு வருடத்துக்குள் மனுவே போட முடியாது. அசாதாரணமான கஷ்டம் அல்லது கொடுமை என்று காட்டினால் மட்டும் விதிவிலக்கு.

உள்ளே போனால் முதலில் கவுன்சிலிங். 1984 குடும்ப நீதிமன்றச் சட்டப்படி சேர்த்துவைக்க முயல்வது நீதிமன்றத்தின் கடமை, எனவே "எதுக்கு எங்களை இழுத்தடிக்கிறீங்க" என்று கவுன்சிலரிடம் எரிந்து விழுந்து பயனில்லை. "வக்கீல் பேசுவார்" என்று ஒதுங்கவும் முடியாது, நீதிபதி உங்களிடமே நேராகக் கேட்பார். ஒரு வாய்தாவுக்கு ஒருவர் வராவிட்டால் மொத்தமும் தள்ளிப்போகும்.

புதூர்வாசி:
சார், ஒருத்தர் சம்மதிக்கலைன்னா?

கருப்புக்கோட்டு_மதுரை:
அப்போது 13-ஆவது பிரிவில் காரணத்தை நிரூபிக்க வேண்டும்: கொடுமை, இரண்டு வருடம் விட்டுப்போனது, பிறன்மனை உறவு என்று பட்டியல் இருக்கிறது. "பேச்சு இல்லை" என்பது மட்டும் பட்டியலில் இல்லை. தொடர்ந்த புறக்கணிப்பு மனரீதியான கொடுமையாகுமா என்பது சாட்சியத்தைப் பொறுத்தது. வருடக்கணக்கில் இழுக்கும், மேல்முறையீடு என்றால் ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளை வரை போகும். அதனால்தான் ஆலோசகர் சொன்ன அந்த முதல் உரையாடல் முக்கியம். அது நாகரிகமாக முடிந்தால் மியூச்சுவலுக்கு வாசல் திறந்திருக்கும், கெட்டுப்போனால் போட்டி வழக்குதான்.

செக்கானூரணிக்காரன்:
வக்கீலய்யா சொல்றது சரி. ஆனா எங்க பக்கம் இன்னைக்கும் ஊர்ப் பெரியாளுகளை வச்சுப் பேசித் தீத்துவிடுறதுதான் வழக்கம். முத்திரைத்தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்து, சாட்சி நாலு பேரு, வாங்குன நகையைத் திருப்பிக் குடுத்துட்டா முடிஞ்சது. கோர்ட்டுக்கு வருசம் வருசமா நடக்குறதுக்கு இது தேவலைல்ல?

கருப்புக்கோட்டு_மதுரை:
அண்ணே, அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் ஆபத்து. சட்டத்தின் 29(2) பிரிவு வழக்காற்று மணமுறிவை ஏற்கிறதுதான். ஆனால் அந்தச் சமூகத்தில் அந்த வழக்கம் தொன்றுதொட்டுத் தொடர்ந்து நடக்கிறது என்பதை, அதை நம்புகிறவர்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். "எங்க ஊர்ல எல்லாரும் செய்வாங்க" என்று வாயால் சொன்னால் போதாது. நோட்டரி முத்திரை குத்தினாலும், ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாலும் அது விவாகரத்து ஆகாது. பின்னால் ஓய்வூதியம், வாரிசுச் சான்றிதழ் என்று வரும்போது முதல் மனைவி, இரண்டாவது மனைவி இருவரும் தாலுகா ஆபீஸில் நிற்பார்கள். பெரியவர்களை வைத்துப் பேசி முடியுங்கள், நல்லதுதான். பேசி முடித்ததைக் கூட்டு மனுவாகக் கொண்டுபோங்கள்.

செக்கானூரணிக்காரன்:
புரியுது. ஆனா பெரியாளுகளைக் கூப்பிடுறதுலயும் ஒரு முறை இருக்கு, அதைச் சொல்லிர்றேன். பக்கத்துக்கு மூணு பேருக்கு மேல வேணாம். பத்துப் பேரு வந்தா அவங்கவங்க பழைய பகையை அங்க தீப்பாங்க. தாய்மாமனை ஒரு பக்கம் வச்சா இன்னொரு பக்கமும் வைக்கணும். கூட்டத்துக்கு முந்தியே ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு தாள்ல நகை, ரொக்கம், சாமான் பட்டியல் எழுதிட்டு வரணும். வாய்க்கணக்குல உக்காந்தா "முப்பது பவுன் போட்டோம்", "இருபத்தஞ்சுதான் வந்துச்சு"ன்னு அதுலயே பொழுது விடிஞ்சிரும்.

அப்புறம் மொய். இதை எந்த வக்கீலும் எழுத மாட்டாரு. உசிலம்பட்டிப் பக்கம் மொய் நோட்டுதான் கணக்குப் புஸ்தகம். கல்யாண மொய்யில சிக்கல் இல்லை: எந்த வீட்டு நோட்டுல விழுந்துச்சோ அந்த வீடு திருப்பிச் செய்யும். சிக்கல் எங்க வருதுன்னா, கல்யாணத்துக்கப்புறம் ரெண்டு பேரும் சேந்து வச்ச விசேஷத்துல. காதுகுத்து, புதுவீடு. ஒரே நோட்டுல ரெண்டு பக்கத்துச் சொந்தமும் விழுந்திருக்கும். அந்த நோட்டைப் படி எடுத்து, எந்தப் பேருக்கு யாரு திருப்பிச் செய்யணும்னு பேருக்கு நேரா எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ருங்க. இல்லைன்னா அஞ்சு வருசம் கழிச்சு யாரோ ஒரு பெரியப்பா பந்தியில நின்னு கேப்பாரு.

டீக்கடை_பெஞ்ச்:
மொய் நோட்டுக்குப் பாகப்பிரிவினை! அண்ணன் சொல்றது சிரிப்பா இருந்தாலும் நெசந்தான்.

பைபாஸ்_வாசகி:
ஸ்டேஷன் விஷயத்துக்கு வாங்க. மகளிர் ஸ்டேஷன்ல மனு குடுத்தா ஒரு பயம் இருக்கும், பேசி முடிச்சிருவாங்கன்னு நிறையப் பேரு சொல்றாங்க. அது சரியா?

தல்லாகுளம்_அக்கா:
கொடுமை நடந்திருந்தா கட்டாயம் போகணும், தயங்கவே கூடாது. மனு குடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவை வாங்கிப் பதிஞ்சதுக்கு ஸ்டேஷன்ல தர்ற ரசீது) கேட்டு வாங்குங்க, அது இல்லாம வராதீங்க. ஆனா நகையைத் திருப்பி வாங்குறதுக்காக, எதிராளியைச் சம்மதிக்க வைக்கிறதுக்காக, நடக்காததைச் சேத்து எழுதாதீங்க. பின்னாடி குறுக்கு விசாரணைல அந்த ஒரு பொய்யை வச்சு மத்த உண்மையையும் கவுத்துருவாங்க.

கருப்புக்கோட்டு_மதுரை:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குடும்பத் தகராறு மனுக்களில் எஃப்.ஐ.ஆர். போடுமுன் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று 2013 லலிதா குமாரி தீர்ப்பில் இருக்கிறது. எனவே முதலில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். எஃப்.ஐ.ஆர். விழுந்துவிட்டால் கதை வேறு. மனைவியைக் கொடுமைப்படுத்தும் குற்றத்துக்கான பிரிவு அது: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 85. அது இருவரும் சமாதானமானதும் ஸ்டேஷனிலேயே கிழித்துப் போடுகிற வழக்கு கிடையாது. ரத்து செய்ய உயர் நீதிமன்றக் கிளையில் தனி மனு போட வேண்டும், அதற்குத் தனி வக்கீல், தனிச் செலவு, தனி வாய்தா. "சும்மா மிரட்டத்தான் குடுத்தோம்" என்று வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்பதற்கும் வருகிறேன், அங்கேதான் கஞ்சத்தனம் காட்டுவார்கள்.

நகை: "எல்லா நகையும் திருப்பித் தரப்பட்டது" என்று எழுதாதீர்கள். "ஆரம் ஒன்று, 5 பவுன், வளையல் நாலு, 6 பவுன்" என்று உருப்படி வாரியாக, எடை போட்டு, அடகுக் கடையில் இருப்பது எது, மீட்பது யார் என்பதோடு. பெண்ணுக்குப் போட்ட நகையும் சீரும் அவருடைய சீதனம், கணவன் வீட்டில் இருந்தாலும் அவருக்கே சொந்தம் என்று 1985 பிரதிபா ராணி தீர்ப்பு சொல்கிறது.

பணம்: மொத்தத் தொகை என்றால் பாதியை முதல் மனுவின்போது, மீதியை இரண்டாம் முறை ஆஜராகும் அன்று வங்கி வரைவோலையாக நீதிபதி முன் கொடுப்பது பாதுகாப்பு. முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிட்டு, சம்மதம் திரும்பப் பெறப்பட்டால் மீட்பதற்கு இன்னொரு வழக்கு. முழுவதையும் கடைசிக்கு வைத்தால் மற்றவர் அதேபோல் அந்தரத்தில் நிற்பார். தொகையில் தகராறு என்றால், 2020 ரஜ்னேஷ்–நேஹா தீர்ப்புப்படி இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். சம்பளத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டு கார் தவணையைக் கட்டிக்கொண்டிருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

பிள்ளை: ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம், 1956 இந்து இளவர் காப்பாளர் சட்டம். "தகப்பன் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்ற வரி பார்க்க அழகாக இருக்கும், நடைமுறையில் ஒவ்வொரு வாரமும் சண்டை. இரண்டாவது, நாலாவது சனி, காலை 10 முதல் மாலை 6, கூட்டிவந்து விடுவது யார், எந்த இடத்தில், காய்ச்சல் என்றால் மாற்று நாள் எது, போனில் பேசுவது எத்தனை மணிக்கு, இத்தனையும் வேண்டும். மதுரைக்காரர்கள் சித்திரைத் திருவிழாவை மறந்துவிடுவார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று பிள்ளை யாரிடம் என்பதற்கு ஒரு வரி போடுங்கள், ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே என்று. காதுகுத்து இன்னும் நடக்கவில்லை என்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பதற்குத் தகப்பன் வீட்டார் தடை சொல்ல மாட்டார்கள் என்றும் எழுதலாம், தப்பே இல்லை. பிள்ளையின் ஜீவனாம்சத்தைத் தாய் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும் பிள்ளையின் உரிமை போகாது.

பைபாஸ்_வாசகி:
மத்த மதத்துக்காரங்களுக்கு?

கருப்புக்கோட்டு_மதுரை:
சுருக்கமாக. கிறிஸ்தவர்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டம், சம்மதப் பிரிவு 10-ஏ, 2001-இல் சேர்த்தது. சட்ட வாசகத்தில் பிரிந்து வாழ வேண்டிய காலம் இரண்டு வருடம். முஸ்லிம்களில் உடனடி முத்தலாக் 2019 சட்டப்படி குற்றம். பெண் கேட்கிற குலாவுக்கு ஷரீஅத் கவுன்சில் தருகிற சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. பதிவுத் திருமணம் என்றால் எந்தச் சட்டத்தில் பதிந்தது என்று பாருங்கள். சிறப்புத் திருமணச் சட்டம் என்றால் 28-ஆவது பிரிவு, நடைமுறை ஏறக்குறைய 13-பி போலத்தான்.

சர்வர்_டவுன்:
எல்லாரும் விட்ட ஒண்ணு: போன். பிரியிறோம்னு பேசுன அன்னைக்கே ரெண்டு பேரும் சேந்து உக்காந்து இதையெல்லாம் பாத்துப் பிரிக்கணும்: கூகுள் போட்டோஸ்ல பகிர்வு, மேப்ல இருப்பிடப் பகிர்வு, வாட்ஸப்ல இணைச்ச லேப்டாப், ஓடிடி, அமேசான் முகவரி. பேங்க் ஓடிபி யாரு நம்பருக்குப் போகுதுன்னு பாருங்க. மனைவி கணக்குக்குப் புருசன் நம்பரைக் குடுத்திருக்கிற வீடு நிறைய. பிள்ளையோட போட்டோ ரெண்டு பேருக்கும் ஒரு படி எடுத்துட்டு, அப்புறம் பகிர்வை நிறுத்துங்க. எடுக்காம நிறுத்துனா அதுக்கு ஒரு சண்டை.

பழைய வாட்ஸப் பேச்சை அழிக்காதீங்க, கேஸ் போட்டியா மாறுனா தேவைப்படும். அதுக்காக ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சொந்தக்காரங்க குரூப்ல போடாதீங்க. பேசி முடிக்கிற வாய்ப்பு அந்த நிமிசத்தோட போச்சு. அந்தரங்கப் படத்தைக் காட்டி யாராவது மிரட்டுனா பணம் குடுக்காம, கெஞ்சாம, சைபர் கிரைம் இணையதளத்துல புகார்.

அப்புறம் குடும்ப குரூப்ல இருந்து யாரு வெளியேறணும்? தானா வெளியேறட்டும். மச்சினன் அவசரப்பட்டுத் தூக்குறதுதான் நம்மூர்ல அடுத்த ரவுண்டு சண்டைக்கு மணி அடிக்கிறது.

புதூர்வாசி:
நெறைய விவரம் கிடைச்சது, எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. தீர்ப்பு கைக்கு வந்த பிறகு வேற என்ன வேலை இருக்கு?

கருப்புக்கோட்டு_மதுரை:
சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு மூன்று பிரதியாவது வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட், மறுமணப் பதிவு, பிள்ளையின் பள்ளி என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்பார்கள். வீட்டுக் கடனில் இருவர் பெயரும் இருந்தால் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கிக்குத் தனியாக எழுதிக் கொடுத்து, அவர்கள் ஒப்புக்கொண்டு ஒரு பெயரை விடுவித்தால்தான் விடுதலை. அதுவரை தவணை தவறினால் இருவருடைய சிபில் மதிப்பெண்ணும் விழும்.

தல்லாகுளம்_அக்கா:
ரேஷன் கார்டுல பேரு நீக்கணும், அப்பத்தான் அந்தப் பொண்ணு தன் பேருல புதுக் கார்டு எழுத முடியும். எல்.ஐ.சி., பி.எஃப்., பேங்க் டெபாசிட் எதுலயும் நாமினி தானா மாறாது. ஒவ்வொரு இடத்துக்கும் போய் ஃபாரம் எழுதிக் குடுக்கணும். கேஸ் கனெக்ஷன் யாரு பேருல இருக்குன்னு பாத்துக்கங்க. சிலிண்டர் மாமியார் வீட்டுல, புஸ்தகம் உங்க பேருல இருந்தா, மாத்திக் குடுக்குறதா சரண்டர் பண்றதான்னு ஏஜென்சில அன்னைக்கே முடிச்சிருங்க.